பேசாத கார்டும் பெல்ட்டைக் கழட்டுன ரேஞ்சரும்

எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனுக்குப் புதுசா வந்திருக்கீங்க தம்பிகளா, சந்தோஷம். கூடிய சீக்கிரம் யாராவது ஒரு அதிகாரி முகம் செவக்க உங்க மேஜைக்கு முன்னால வந்து நிப்பாரு. "அந்த ஆளை டிஸ்மிஸ் பண்ணியாச்சு, ஆர்டர் தயார் பண்ணுய்யா"ம்பாரு. ஓடிப்போய்ப் பேப்பர் எடுத்துடாதீங்க. உக்காருங்க சார்னு சொல்லி ஒரு டம்ளர் தண்ணி குடுங்க. அவரு குடிக்கற நேரத்துல நீங்க ரெண்டே கேள்வியை மனசுக்குள்ள கேட்டுக்கணும். இந்த ஆளை வேலைக்கு வெச்சது யாரு? இந்த ஆளு தன் பக்கத்தைச் சொல்லிட்டாரா?

இதைத்தான் அரசியல் சட்டத்துல முன்னூத்திப் பதினொண்ணுன்னு போட்டு வெச்சிருக்காங்க. நியமிச்சவருக்குக் கீழே இருக்கறவரு ஒருத்தரை நீக்க முடியாது. நீக்கறதுக்கு முன்னாடி, காரணம் சொல்ல அவருக்கு நியாயமான வாய்ப்புக் குடுத்தாகணும். பரீட்சைக்குப் படிச்சிருப்பீங்க, மார்க்கும் வாங்கியிருப்பீங்க. ஆனா இது சுதந்திரத்துக்கப்புறம் வந்த சமாச்சாரம்னு நெனைச்சுக்காதீங்க. வெள்ளைக்காரன் காலத்துலயே இந்திய அரசுச் சட்டம்னு ஒண்ணு புதுசா வந்தது, அதுலயே இது இருந்தது. அதுல ரெண்டாவது பாதியை நான் முதமுதலா வாயைத் தொறந்து சொன்னது கொல்லிமலையில, ஒரு வெள்ளாட்டுக்குட்டி மேஜைக்காலைக் கடிச்சுக்கிட்டிருந்த வராண்டாவுல.

அப்போ நான் காட்டு இலாகாவுல ஜில்லா ஆபீசருக்கு கேம்ப் கிளார்க். அவரு எங்க போனாலும் நானும் பின்னாலயே போகணும். மலைக்கு அப்போ ரோடு ஏது? ஆபீசர் டோலியில ஏறுவாரு. டைப்ரைட்டர் ஒரு ஆள் தலையில ஏறும். நான் என் கால்ல ஏறுவேன். மேல போய்ச் சேந்ததும் ஆபீசர் முதல்ல டைப்ரைட்டருக்கு ஒண்ணும் ஆகலையேன்னு விசாரிப்பாரு. என்னை விசாரிச்சதா ஞாபகம் இல்ல.

ஆபீசர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், தங்கமான மனுஷன். கோவம் வந்தா மட்டும் அப்படி இல்ல. கோவம் தெனமும் வரும்.

இனி விஷயத்துக்கு வாரேன். அரியூர் நாட்டுக்காரரு ஒருத்தர், பேரு அரப்புளி. மலையில சில ஊரு சேந்தா அதை ஒரு நாடும்பாங்க. பைல் நாட்டுக்கு மேல இருந்த ரிசர்வ் காட்டுக்குக் காவல் பாக்கற கார்டு. மலைக்காரங்கள்ல இருந்து எங்க ஆபீசர் எடுத்த முத ஆள் அவருதான். "மலைக்காரனுக்கு எதுக்கு சார் சர்க்கார் வேலை, காட்டையே வித்துப்புடுவான்"னு மலையில இருந்த ரேஞ்சர் வேண்டாம்னு சொல்லியும் எடுத்தாரு. அதனால அரப்புளி வேலை போச்சுன்னா அவரோட முடியாது. அதுக்கப்புறம் மலையில இருந்து இன்னொருத்தரை உள்ளே விடவே மாட்டாங்க. இது எங்க எல்லாருக்கும் தெரியும்.

ஒரு நாள் அரப்புளியோட காவல்ல இருந்த காட்டுல நல்ல சந்தன மரங்களா பாத்து வெட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கு அரப்புளி அங்க இல்ல. மறுநாள் சந்தை. ஊரே கூடியிருக்கு. அந்த எடத்துல ரேஞ்சர் அரப்புளியைப் பிடிச்சு, "திருட்டுக்குத் தொணை போனவன் நீ, இனி நீ கார்டு இல்ல"ன்னு கத்தி, பித்தளை வில்லை வெச்ச பெல்ட்டைக் கழட்டி எடுத்துக்கிட்டாரு. அரப்புளி ஒரு வார்த்தை பேசலையாம். அடுத்த நாள் காலையில பெல்ட் இல்லாமலே காட்டுக்குக் காவலுக்குப் போயிட்டாராம். அதுக்கு ரேஞ்சர் இன்னொரு குத்தம் எழுதினாரு: வேலையில் இல்லாத நபர் அனுமதியின்றி ரிசர்வ் காட்டுக்குள் நுழைந்தார்.

காகிதம் கீழே எங்க ஆபீசுக்கு வந்தது. நான் படிச்சுட்டு ஆபீசர்கிட்டப் போய், "சார், அரப்புளியை வேலைக்கு வெச்சது நீங்க. ரேஞ்சர் உங்களுக்குக் கீழே. புதுச் சட்டப்படி அவரு நீக்கினது செல்லாது"ன்னேன்.

"என் ஆளை அவரு எப்படிய்யா நீக்குவாரு?"ன்னு எந்திரிச்சுட்டாரு ஆபீசர். "கெளம்பு மலைக்கு, நானே விசாரிக்கறேன்."

இங்க ஒண்ணு கவனிங்க. சட்டத்தோட முத பாதி அதிகாரிங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அது அவங்க அதிகாரத்தைக் காப்பாத்திக் குடுக்குது. ரெண்டாவது பாதிதான் கசக்கும். அது அடுத்த மனுஷன் பேசறதை உக்காந்து கேக்கச் சொல்லுது. பின்னாடி எனக்கு வாய்ச்ச ஒரு ஆபீசர் நோட்டீஸை ஒரு பியூன் கையில குடுத்துட்டு, அவன் அதைப் பிரிக்கறதுக்குள்ள "என்ன பதில்?"னு கேட்டாரு. கேட்டா, வாய்ப்புக் குடுத்தாச்சுன்னாரு. அந்தக் கதையை விடுங்க, எனக்கு ரத்தக்கொதிப்பு வேற இருக்கு.

மலையில கேம்ப் பங்களா வராண்டாவுல விசாரணை. ஆபீசர் நாற்காலியில, நான் பக்கத்துல பேனாவோட, ரேஞ்சர் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில. அரப்புளி முன்னால வந்து நின்னாரு. நல்ல திடமான ஆளு. இடுப்புல பெல்ட் இருந்த எடத்துல ஒரு துண்டைச் சுத்தியிருந்தாரு.

"மரம் போன அன்னைக்கு நீ காட்டுல ஏன் இல்ல?"ன்னு ஆபீசர் கேட்டாரு.

பதில் இல்ல.

"மரம் வெட்டுனது யாரு? தெரியுமா தெரியாதா?"

பதில் இல்ல. அரப்புளி வாசல் கேட்டையே பாத்துக்கிட்டு நின்னாரு.

"பெல்ட்டைக் கழட்டுனப்புறம் எதுக்குக் காட்டுக்குப் போனே?"

ம்ஹூம். ஆபீசர் தமிழ்ல கேட்டாரு, மெதுவா கேட்டாரு, சத்தமா கேட்டாரு. சுவத்துக்கிட்டக் கேட்டிருந்தா எதிரொலியாவது வந்திருக்கும். ரேஞ்சர் ரொம்பப் பணிவா, "பாத்தீங்களா சார், பதில் இருந்தா சொல்ல மாட்டானா?"ன்னாரு.

மேகம் வேற கவிஞ்சுக்கிட்டு வந்தது. மழை பிடிச்சா டோலிக்காரங்க வழுக்குவாங்க, அட்டை ஏறும். ஆபீசருக்கு அட்டைன்னா உயிர் போயிரும். "போதும்யா. எழுது. கேள்வி கேட்கப்பட்டது, விளக்கம் எதுவும் தரப்படவில்லை. கீழே போய் ஆர்டர் போட்டுக்கலாம்"னாரு.

வாய்ப்புக் குடுத்தாச்சு, ஆள் பேசல, சட்டம் திருப்தி. காகிதத்துல ஒரு ஓட்டையும் இல்ல. ஆனா அந்த மனுஷன் முகத்தைப் பாத்தா மாட்டிக்கிட்டவன் முகமா தெரியல. பஸ்ஸுக்குக் காத்திருக்கறவன் முகமா இருந்தது. கையில பேனா வெச்சிருக்கறவனுக்கு இருக்கற ஒரே அதிகாரம் தாமதம் பண்றதுதான். "மை தீந்துருச்சு சார், எடுத்துட்டு வாரேன்"னு சொல்லிட்டு எந்திரிச்சு வெளியே போனேன். மை இருந்தது.

கேட்டுக்கு வெளியே ஒரு பெரியவர் கம்பளியைப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தாரு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சாரு.

"ஏனுங்க, என்னய எப்பங்க கூப்புடுவாங்க?"

"நீங்க யாருங்க?"

"அரப்புளிக்கு மாமனுங்க. பேசறதுக்கு வந்திருக்கறனுங்க. காத்தாலயே வந்தேன், வாசல்ல நிக்கற உங்க ஆபீசரோட டபேதாரு வெளிய தொரத்திப்போட்டாரு."

"கேள்வி அவருக்குத்தானுங்களே? அவருதான பேசணும்?"

பெரியவர் என்னை, இந்த ஆளுக்கு நல்லது கெட்டது சொல்லிக் குடுக்க வீட்டுல யாரும் இல்லையான்னு பாக்கற மாதிரி பாத்தாரு. "அவன் எப்படீங்க பேசுவான்? அவன் மேலதானுங்க பழி கெடக்குது."

அப்புறம் பொறுமையா சொன்னாரு. அவங்க நாட்டுக்கூட்டத்துல பழி விழுந்தவன் வாயைத் தொறக்கக் கூடாதாம். அவனுக்காக அவன் மாமன் நின்னு பேசணும். அவனே பேசிட்டா பழியை ஒத்துக்கிட்டதா ஆயிருமாம். எனக்குப் பேச ஒரு நாதி இல்லைன்னு மாமன் முகத்துலயும் கரி பூசுன மாதிரி ஆயிருமாம். பழி தீர்ற வரைக்கும் யாரைப் பத்தியும் எதைப் பத்தியும் அவன் பேச மாட்டான். மாமனும் அவன் பழியைத் துடைக்க மட்டும்தான் பேசலாம். அந்தப் பேச்சுலயே இன்னொருத்தன் மேல பழி போடக் கூடாது.

"அப்போ பெல்ட் இல்லாம எதுக்குங்க காட்டுக்குப் போனாரு?"

"எங்க நாட்டுக்குத் தலைவரு கவுண்டருங்க. அவருக்குத் தலையில உருமால் கட்டறது நாடுதானுங்க. அவுக்கறதும் நாடுதான் அவுக்கோணும். நடுவுல யாரோ புடுங்குனா அவரு கவுண்டரில்லாம போயிருவாருங்களா? ரேஞ்சரய்யாவா இவனுக்கு வேலை குடுத்தாரு?"

இதையேதான் நான் ஆபீசர்கிட்ட செக்‌ஷன் நம்பர் போட்டுச் சொல்லியிருந்தேன்.

உள்ளே வந்தேன். ஆபீசர் எந்திரிச்சு நின்னுக்கிட்டிருந்தாரு. "மை கெடைச்சுதா?"

"சார், அவருக்காகப் பேச அவரு மாமன் வந்திருக்காரு. மலையில பழி விழுந்தவங்க தானே பேச மாட்டாங்களாம்."

ரேஞ்சர் முந்திக்கிட்டாரு. "சார், இலாகா விசாரணையில மூணாவது மனுஷனுக்கு என்ன சார் வேலை? அதெல்லாம் காட்டுப் பழக்கம். அப்புறம் ஊரே வந்து உக்காந்துக்கும்."

"நீ என்னய்யா வக்கீலா?"ன்னு ஆபீசர் என்னைக் கேட்டாரு.

"இல்லீங்க சார். ஆனா நாளைக்கு அப்பீல்ல இந்தக் காகிதத்தைப் படிக்கறவரு வக்கீலா இருப்பாரு. நியாயமான வாய்ப்புன்னுதான் சட்டத்துல இருக்கு. பேச முடியாதவரை நிக்க வெச்சுக் கேள்வி கேட்டுட்டு வாய்ப்புக் குடுத்தேன்னு சொன்னா, அது நியாயமான்னு அவரு கேப்பாரு."

எனக்கு அப்போ வேலை நிரந்தரமாகல. ஆபீசர் மேகத்தைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, ஆட்டுக்குட்டியைப் பாத்தாரு. "கூப்பிடுய்யா அந்த மாமனை"ன்னு உக்காந்துட்டாரு.

பெரியவர் வந்து அரப்புளிக்குப் பக்கத்துல தோளோட தோள் ஒட்டி நின்னாரு. அரப்புளி அப்பத்தான் மூச்சு விட்டாரு. பெரியவர் அரப்புளியோட பாட்டன் எந்த ஊருல பொண்ணு எடுத்தாருங்கறதுல ஆரம்பிச்சாரு.

"விஷயத்துக்கு வாங்க பெரியவரே."

"வாரேனுங்க சாமி. அதுக்குத்தான வந்துட்டிருக்கேன்." கல்யாணம் முடிஞ்சு, பஞ்சம் வந்து போய், அரப்புளி பொறந்து, வேலைக்குச் சேந்தாரு. "மரம் போன அன்னைக்கு இவன் காட்டுல இல்லீங்க. அது நெசந்தான். தேனெடுக்கப் போயிருந்தானுங்க."

"தேனா? சர்க்கார் சம்பளம் வாங்கிக்கிட்டு, காவலை விட்டுட்டு, தேனா?" ஆபீசருக்கு முகம் செவந்துருச்சு. "யாருக்குய்யா தேன்?"

"உங்களுக்குத்தானுங்க சாமி."

வராண்டாவுல ஆட்டுக்குட்டி மேஜைக்காலை மென்னுக்கிட்டிருந்தது.

"போன தடவை நீங்க இங்க வந்து தங்கியிருந்தப்ப, மலைத்தேன் வேணும்னீங்களாம். ரேஞ்சரய்யா இவனைக் கூப்புட்டு, காவலு கெடக்கட்டும், தொரைக்கித் தேன் கொண்டாடான்னு அனுப்பிச்சாருங்க. பாறையில எறங்கி எடுக்கறதுக்குப் பொழுது போயிருச்சு. மக்யா நாளு காத்தால நீங்க தோசைக்கு ஊத்தித் திண்ணுட்டு மலை எறங்குனீங்களாமா. சமையக்காரரு சொன்னாரு." பெரியவர் கொஞ்சம் முன்னால குனிஞ்சாரு. "நல்லா இருந்துச்சுங்களா சாமி?"

ஆபீசர் என் பேனாவைப் பாத்துக்கிட்டே, "நல்லா இருந்தது"ன்னாரு.

ரேஞ்சர் தொண்டையைச் செருமிக்கிட்டு, "இதையெல்லாம் ரெக்கார்டுல ஏத்த வேண்டாமே சார். தேனு, தோசைன்னு... மேல படிக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"ன்னு மெதுவா சொன்னாரு. கெட்டிக்காரர். ஆபீசருக்கு வெளியே போக ஒரு கதவைத் தொறந்து வெச்சாரு. "பேசாம, விளக்கம் திருப்தி இல்லைன்னு ஒரு வரியோட முடிச்சுக்கலாம்."

நான் பேனாவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "எழுதட்டுங்களா சார்?"னு கேட்டேன்.

தம்பிகளா, நான் முப்பது வருஷத்துக்கு மேல ஆபீசருங்களைப் பாத்திருக்கேன். தன் பேரு அடிபடற வாக்குமூலத்தை எழுதச் சொல்ற இடத்துலதான் ஒருத்தர் எப்படிப்பட்டவருன்னு தெரியும். இவரு நாற்காலிக் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அப்புறம், "எழுதுய்யா. தேன்னே எழுது. நான் சாப்பிட்டேன்னும் எழுது"ன்னாரு. எனக்கு அந்த நிமிஷம் அவரு கால்ல விழலாம்னு தோணுச்சு. நல்லா இருந்ததுங்கறதையும் எழுதணுமான்னு நான் கேக்கல.

"நீங்க அனுப்பினீங்களா?"ன்னு ரேஞ்சரைக் கேட்டாரு.

"சார், ஒரு மரியாதைக்கு..."

"சரி. இவன் மேல குத்தம் இல்ல. பெல்ட்டைக் குடுங்க."

ரேஞ்சர் உள்ளே போய்ப் பெல்ட்டை எடுத்துட்டு வந்து நீட்டினாரு. அரப்புளி கையை நீட்டல. பெரியவர்தான், "அவுத்தவரு கட்டக் கூடாதுங்க சாமி. வேலை குடுத்தது நீங்க, நீங்கதான் கட்டோணும்"னாரு. ஆபீசர் வாழ்க்கையில யாருக்கும் பெல்ட் கட்டி விட்டதில்ல. தனக்கே டபேதார்தான் கட்டுவாரு. எந்திரிச்சு வந்து, கொக்கி மாட்டத் தெரியாம ரெண்டு பக்கமும் இழுத்து, ஒரு வழியா மாட்டினாரு. பெரியவர், "தீந்துச்சு"ன்னாரு.

அப்புறம்தான் அரப்புளி வாயைத் தொறந்தாரு. குரல் கணீர்னு இருந்தது.

"இனி நான் பேசலாமுங்களா?"

"பேசுய்யா."

"அன்னைக்கு நான் தேனோட வாரப்ப, மரத்தைத் துண்டு போட்டுக் கம்பளியில சுத்தி ஒரு குதிரை மேல ஏத்திக்கிட்டுக் கீழ எறங்குனாங்க. அது ரேஞ்சரய்யாவோட குதிரைங்க. ஓட்டிட்டுப் போனது அவரு குதிரைக்காரரு. மேலதிகாரிகிட்டத்தான மொதல்ல சொல்லோணும்? சந்தையில இவரைப் பாத்து, 'ஐயா, உங்க குதிரை'ன்னு ஆரம்பிச்சேன். அதுக்குள்ள எம்மேல பழியைச் சொல்லிப் பெல்ட்டைக் கழட்டிப்போட்டாரு. பொறவு நான் எப்படீங்க பேசறது?"

ரேஞ்சர் அந்த மலையில பல வருஷமா இருந்த ஆளு. நாட்டுக்கூட்டத்தையெல்லாம் பாத்தவரு. பழி சொல்லிட்டா மலைக்காரன் வாய் மூடிக்குவான்னு அவருக்கு நல்லாத் தெரியும். அந்த மனுஷனோட மானத்தையே எடுத்து அவன் வாயில துணியா அடைச்சிருக்காரு. காட்டுப் பழக்கம்னு சொன்ன வாயும் அதே வாய்தான்.

குதிரைக்காரரைக் கூப்பிட்டாங்க. ஆபீசர் கேக்கறதுக்கு முன்னாடியே அவரு அழுதுட்டாரு.

"கழட்டுய்யா உன் பெல்ட்டை!"ன்னு ஆபீசர் போட்ட சத்தத்துல ஆட்டுக்குட்டி எறங்கி ஓடிப்போச்சு. "இந்த நிமிஷத்துல இருந்து நீ ரேஞ்சர் இல்ல! எழுதுய்யா, டிஸ்மிஸ்!"

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. சத்தியமா சொல்றேன், அந்த ஒரு வரியை எழுதற சந்தோஷத்துக்கு ஒரு வருஷ சம்பளத்தை வேணாம்னு சொல்லியிருப்பேன். ஆனா என் வாயில இருந்து வந்தது வேற.

"சார், ரேஞ்சரை நியமிச்சது நீங்க இல்ல. உங்களுக்கு மேல இருக்கற கன்சர்வேட்டர்."

"அதனால?"

"நீங்க நீக்க முடியாது. மேல எழுதலாம். அதுக்கு முன்னாடி, இவரும் தன் பக்கத்தைச் சொல்லணும்."

ஆபீசர் என்னைப் பாத்த பார்வையை நான் இங்க சொல்ல முடியாது. உக்காந்து கைக்குட்டையால முகத்தைத் துடைச்சாரு. "சரிய்யா. நீர் என்ன சொல்றீர்?"னு ரேஞ்சரைக் கேட்டாரு.

ரேஞ்சர் வாயைத் தொறந்தாரு, மூடினாரு. இஸ்திரிச் சட்டை முதுகுல நனைஞ்சு ஒட்டிப் போச்சு. பக்கத்துல நின்ன டபேதார் மெல்ல நகந்துட்டாரு. பங்களாக் காவல்காரரும் நகந்துட்டாரு. குதிரைக்காரர் முன்னாடியே தூரப் போயிட்டாரு. ரேஞ்சரைச் சுத்தி ஒரு ஈ காக்கா இல்ல.

பெரியவர் கம்பளியைத் தோள்ல போட்டுக்கிட்டு, மருமகனோட படி எறங்கப் போனவரு நின்னாரு.

"ஏனுங்க சாமி, இவருக்கு யாருங்க பேசறது?"

"அவருக்கு எதுக்குய்யா ஆளு? படிச்சவர்தானே, அவரே பேசட்டும்."

"பேச வரலீங்களே அவருக்கு. மாமன் மச்சான் யாராச்சும் வந்திருக்காங்களா?"

பெரியவர் அரப்புளியைப் பாத்தாரு. அரப்புளி ரேஞ்சரையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் மாமன் தோள்ல இருந்த கம்பளியைத் தானே எடுத்துக் கையில வெச்சுக்கிட்டாரு. பெரியவர் திரும்பி வந்து, ரேஞ்சருக்குப் பக்கத்துல, முன்னாடி மருமகனுக்கு நின்ன மாதிரியே தோளோட தோள் ஒட்டி நின்னாரு.

"ஆளில்லாதவனை எங்க நாட்டுல விசாரிக்க மாட்டாங்க சாமி. யாரும் வரலீன்னா கூட்டத்துல ஒருத்தரு எந்திரிச்சு நிக்கோணும்." அப்புறம் ரேஞ்சர் பக்கமா தலையைச் சாய்ச்சாரு. "என்ன சொல்லோணும்னு எங்காதுல சொல்லு கண்ணு. நான் பேசறேன்."

மழை பிடிச்சுக்கிச்சு. டோலிக்காரங்க திண்டாடுவாங்களேன்னு யாருக்கும் ஞாபகம் வரல. ரேஞ்சர் பெரியவர் காதுகிட்டக் குனிஞ்சாரு. நான் புதுத்தாள் ஒண்ணு எடுத்து மேல ரேஞ்சர் பேரை எழுதிட்டுக் காத்திருந்தேன்.